செஃபாரியா: காசில்லாமல் தல்மூத், கூடவே தோற்றுக்கொண்டே இருக்கும் ஒரு ரபி

யூதர்களைப் பற்றித் தமிழில் வாசிக்கக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு ரகம். ஒன்று பைபிள் பின்னணியில் எழுதப்பட்டது, அதில் பரிசேயர்கள் வந்தாலே வில்லன்கள்தான். மற்றொன்று இஸ்ரேல், பாலஸ்தீனம், போர். இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட இரண்டாயிரம் ஆண்டுகள் அந்த மக்கள் தங்களுக்குள் உட்கார்ந்து என்ன பேசினார்கள், எதற்காகச் சண்டை போட்டுக்கொண்டார்கள், தங்களை யாரென்று நினைத்துக்கொண்டார்கள் என்பது நம் கைக்கு வருவதே இல்லை. அதைப் படிக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் சொல்வது செஃபாரியா என்ற யூத நூல்களின் நூலகம். இணையதளமாகவும் இருக்கிறது, கைப்பேசிச் செயலியாகவும் இருக்கிறது. காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, கணக்குத் தொடங்காமலே படிக்கலாம். ஆங்கிலம் மட்டும் வாசிக்க வர வேண்டும், தமிழ் அதில் இல்லை.

2011இல் ஜோஷுவா ஃபோயர் என்ற பத்திரிகையாளரும், கூகுளில் வேலை பார்த்த பிரெட் லாக்ஸ்பைசர் என்ற பொறியாளரும் சேர்ந்து தொடங்கியது இது. லாப நோக்கமில்லாத அமைப்பு, நன்கொடையில் ஓடுகிறது. எபிரேய பைபிள், மிஷ்னா (ரபிகள், அதாவது யூதச் சட்ட அறிஞர்கள், தொகுத்த வாய்மொழிச் சட்டம்), அதன் மேல் ரபிகள் நடத்திய விவாதங்களான பாபிலோன் தல்மூத், எருசலேம் தல்மூத், பைபிளை விரித்துச் சொல்லும் மித்ராஷ் கதைகள், இடைக்கால அறிஞர் மைமோனிடிஸின் சட்டத் தொகுப்பு, பிரார்த்தனைப் புத்தகம், கபாலா என்ற மறைஞான நூல்கள் என்று எல்லாம் உள்ளே இருக்கின்றன. ஆனால் என்னைப் போன்ற வெளியாட்களுக்குக் கதவு திறந்தது 2017இல்தான். எருசலேமைச் சேர்ந்த ரபி ஆதின் ஸ்டைன்சால்ட்ஸ் 1965இல் தொடங்கி 2010 வரை நாற்பத்தைந்து வருடம் உட்கார்ந்து தல்மூத் முழுவதற்கும் நவீன எபிரேயத்தில் மொழிபெயர்ப்பும் விளக்கமும் எழுதி முடித்தார். அதையும் அதன் ஆங்கில வடிவத்தையும் வணிக நோக்கமில்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில் செஃபாரியா வெளியிட்டது. அதற்கு முன்னால் ஆங்கிலத்தில் முழு தல்மூத் வேண்டும் என்றால் ஓர் அலமாரியும் அதை நிரப்பப் பணமும் வேண்டும். பரவலாகப் புழங்கும் ஓர் அச்சுப் பதிப்பு 73 தொகுதிகள்!

சரி, எப்படி இருக்கிறது பயன்படுத்த? முதலில் நமக்கெல்லாம் தெரிந்த ஒரு வசனத்தை வைத்துப் பாருங்கள். 'கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல்', யாத்திராகமம் 21:24. வசனத்தின் மேல் தட்டினால் பக்கத்தில் ஒரு பட்டி திறக்கும். அந்த ஒரு வசனத்தை யார் யார் எங்கெங்கே எடுத்துப் பேசியிருக்கிறார்கள் என்று உரைகள், தல்மூத், மித்ராஷ், சட்ட நூல்கள் என வகை பிரித்துக் காட்டும். தல்மூதைத் தட்டினால் பாவா காமா என்ற பகுதியின் 83, 84ஆம் ஏடுகளுக்குப் போவீர்கள். பரிசேயர் என்றாலே 'சட்டத்தை எழுத்துக்கு எழுத்துப் பிடிப்பவர்' என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இங்கேதான் முதல் அதிர்ச்சி. கண்ணுக்குக் கண் என்றால் கண்ணைப் பிடுங்குவது அல்ல, நஷ்டஈடு கொடுப்பது என்று பரிசேயர் வழிவந்த ரபிகள் ஏடு ஏடாக வாதாடுகிறார்கள். ஒருவர் கேட்கிறார்: ஒருவனுடைய கண் பெரியது, இன்னொருவனுடையது சிறியது, எப்படிச் சமமாகும்? இன்னொருவர் கேட்கிறார்: பார்வையற்றவன் ஒருவன் அடுத்தவன் கண்ணைக் குருடாக்கினால் அவனிடம் எதைப் பிடுங்குவாய்? மிஷ்னாவில் கணக்கே போட்டு வைத்திருக்கிறார்கள்: உடல் சேதம், வலி, வைத்தியச் செலவு, வேலை போன நாட்களின் கூலி, அவமானம், ஆக ஐந்து தலைப்பில் பணம் கட்ட வேண்டும். வலிக்குத் தனி, அவமானத்துக்குத் தனி! கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட நூல் இது.

ஆனால் அதே இடத்தில் ஒருவர் மட்டும் எதிர்க்குரல். 'இல்லை, கண்ணுக்குக் கண் என்றால் கண்ணேதான்' என்கிறார் ரபி எலியேசர். மற்றவர்கள் அவர் அப்படிச் சொல்லியிருக்கவே முடியாது, வேறு ஏதோ அர்த்தத்தில் சொல்லியிருப்பார் என்று சமாளிக்கிறார்கள். ஆனாலும் அவர் சொன்னதை அழிக்கவில்லை. செஃபாரியாவைச் சோதித்துப் பார்க்க நல்ல வழி இந்த மனிதரின் பெயரைப் பிடித்துக்கொண்டு கிளம்புவதுதான். தளத்தில் ரபிகளுக்கென்று தனித்தனித் தலைப்புப் பக்கங்கள் உண்டு, அங்கிருந்தும் போகலாம், தேடியும் போகலாம்.

முழு பெயர் எலியேசர் பென் ஹிர்கானுஸ். 'பிதாக்களின் நீதிமொழி' என்று சொல்லத்தக்க ஆவோத் நூலின் இரண்டாம் அதிகாரத்தில், அவருடைய ஆசான் யோஹனான் பென் சக்காய் தன் ஐந்து சீடர்களை எடைபோடுகிறார். எலியேசர் ஒரு சொட்டும் கசியாத தொட்டி. இஸ்ரவேலின் ஞானிகள் எல்லாரையும் தராசின் ஒரு தட்டில் வைத்து எலியேசரை மறுதட்டில் வைத்தால் இவர் பக்கம்தான் இறங்கும் என்கிறார். உடனே அடுத்த வரியில், இல்லை இல்லை, ஆசான் அப்படிச் சொன்னது எலாசார் பென் அராக் என்ற வேறு சீடரைப் பற்றி என்று மாற்றுச் சாட்சியம் வருகிறது. புகழ்ச்சியில்கூடச் சண்டை. இந்த நூல்களின் குணமே இதுதான்.

இந்த ஆசான்தான் ரோமர்கள் எருசலேமை முற்றுகையிட்டு கி.பி. 70இல் கோவிலை இடிப்பதற்கு முன் செத்தவர் போலப் பாடையில் படுத்து நகரத்தை விட்டு வெளியேறியவர். தல்மூதின் கித்தின் பகுதி, 56ஆம் ஏட்டில் அந்தக் கதை இருக்கிறது. பாடையின் ஒரு பக்கம் எலியேசர், இன்னொரு பக்கம் ரபி யோசுவா. ரோமத் தளபதி வெஸ்பாசியன் முன்னால் போய் நின்று அவர் கேட்டது எருசலேமை அல்ல, யாவ்னே என்ற சின்ன ஊரையும் அதன் அறிஞர்களையும். கோவிலும் பலியும் போன பிறகு ஒரு மதம் படிப்பையும் விவாதத்தையும் வைத்தே பிழைத்துக்கொண்டது எப்படி என்று கேட்பவர்களுக்கு அந்த ஏட்டைக் கொடுத்தால் போதும். அதே ஏட்டில், இந்தச் சின்ன வேண்டுகோள் ஒரு முட்டாள்தனம், அவர் எருசலேமையே கேட்டிருக்க வேண்டும் என்ற குற்றச்சாட்டும் பதிவாகியிருக்கிறது!

பாடையை ஆளுக்கொரு பக்கம் பிடித்த அந்த இரண்டு சீடர்கள்தான் பின்னால் எதிரெதிரே நிற்கிறார்கள். தல்மூதின் பாவா மெட்சியா பகுதி, 59பி (59ஆம் ஏட்டின் பின்பக்கம்; 'ஏ' என்றால் முன்பக்கம்). யூத உலகத்தில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் கதைகளில் ஒன்று. ஒரு மண் அடுப்பு, துண்டு துண்டாக வெட்டி இடையில் மணல் போட்டுச் சேர்த்தது. அதற்குத் தீட்டு பிடிக்குமா பிடிக்காதா? பிடிக்காது என்கிறார் எலியேசர். பிடிக்கும் என்கிறார்கள் மற்ற எல்லாரும். எலியேசர் உலகத்தில் உள்ள எல்லா வாதத்தையும் வைத்துப் பார்த்துவிட்டு, என் பக்கம் நியாயம் இருந்தால் அந்தக் கரோப் மரம் சொல்லட்டும் என்கிறார். மரம் வேரோடு பிடுங்கிக்கொண்டு நூறு முழம் தள்ளிப் போய் நிற்கிறது. (நானூறு முழம் என்பாரும் உண்டு என்று அங்கேயும் ஒரு மாற்றுக் கணக்கு.) மரத்தை வைத்து நிரூபணம் கிடையாது என்கிறார்கள். ஓடை பின்னோக்கி ஓடுகிறது, அதுவும் செல்லாது. பள்ளியின் சுவர்கள் சாயத் தொடங்குகின்றன. யோசுவா எழுந்து சுவர்களை அதட்டுகிறார்: படித்தவர்கள் சட்டத்தில் மோதிக்கொண்டால் உங்களுக்கு என்ன வந்தது? சுவர்கள் யோசுவாவுக்கு மரியாதை கொடுத்து விழவில்லை, எலியேசருக்கு மரியாதை கொடுத்து நிமிரவும் இல்லை, இன்னும் சாய்ந்தபடியே நிற்கின்றன. கடைசியில் வானத்திலிருந்தே குரல் வருகிறது, எலியேசர் சொல்வதுதான் சரி என்று. யோசுவா உபாகமத்திலிருந்து ஒரு வரியை எடுத்துப் போடுகிறார்: 'அது வானத்தில் இல்லை.' தோரா, அதாவது கடவுளின் சட்டம், சீனாய் மலையில் கொடுத்தாகிவிட்டது, இனி பெரும்பான்மை முடிவுதான், வானத்துக் குரலுக்கு ஓட்டு இல்லை. அப்போது கடவுள் என்ன செய்தார் என்று எலியா தீர்க்கதரிசியிடம் பின்னால் ஒருவர் விசாரிக்கிறார். சிரித்தாராம், 'என் பிள்ளைகள் என்னை ஜெயித்துவிட்டார்கள்' என்றாராம்.

பிரசங்கங்களில் பெரும்பாலும் கதை இந்தச் சிரிப்போடு முடிந்துவிடும். பகுத்தறிவு வென்றது, ஜனநாயகம் வென்றது, கைதட்டல். செஃபாரியாவில் அந்தப் பத்திக்குக் கீழே விரல் நகர்ந்தால் போதும், மீதி வந்துவிடுகிறது. எலியேசர் தீட்டில்லை என்று சொன்ன பொருட்களை எல்லாம் கொண்டுவந்து எரிக்கிறார்கள். ஓட்டெடுத்து அவரைத் தள்ளி வைக்கிறார்கள். யார் போய்ச் சொல்வது? நான் போகிறேன், பக்குவமில்லாத யாராவது போய்ச் சொன்னால் உலகமே அழிந்துவிடும் என்று அவருடைய மாணவர் அகிவா கிளம்புகிறார். கறுப்பு உடுத்தி, நான்கு முழம் தள்ளி உட்காருகிறார். என்ன அகிவா, இன்றைக்கு என்ன வித்தியாசம் என்று ஆசான் கேட்கிறார். 'குருவே, நண்பர்கள் உங்களை விட்டு விலகுவதாக எனக்குத் தோன்றுகிறது.' எலியேசர் உடையைக் கிழித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றி, தரையில் உட்கார்ந்து அழுகிறார். ஒலிவமும் கோதுமையும் வாற்கோதுமையும் மூன்றில் ஒரு பங்கு கருகிப் போகின்றன.

அப்புறம் அவருடைய மனைவி இம்மா ஷாலோம். எலியேசரைத் தள்ளிவைத்த கூட்டத்தின் தலைவர் ரபான் கமாலியேலின் தங்கை. அன்றிலிருந்து கணவர் முகங்குப்புற விழுந்து மன்றாடும் பிரார்த்தனையைச் செய்ய அவர் விடவே இல்லை. செய்தால் அண்ணன் உயிர் போய்விடும் என்ற பயம். ஒரு நாள் வாசலில் ஒரு ஏழை வந்து நிற்க, ரொட்டி எடுத்துக் கொடுக்கப் போன நேரத்தில் கணவர் விழுந்துவிட்டார். 'எழுந்திரு, என் அண்ணனைக் கொன்றுவிட்டாய்' என்கிறார். அதே நேரம் கமாலியேல் வீட்டிலிருந்து சாவு அறிவிப்பு. எப்படித் தெரிந்தது என்று கேட்டால், எங்கள் தாத்தா வீட்டு வழக்கில் சொல்வார்கள், வானத்தின் எல்லா வாசலும் மூடியிருந்தாலும் சொல்லால் காயப்பட்டவர்களின் வாசல் மட்டும் மூடாது என்கிறார்.

இந்தக் கதை தீட்டுச் சட்டத்துக்கான பகுதியில் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். மேலே நகர்த்தி 58பி வரை போனால் இது தொடங்கும் மிஷ்னா தெரியும்: வாங்கல் விற்றலில் ஏமாற்று இருப்பது போல வார்த்தையிலும் இருக்கிறது. வாங்கும் எண்ணம் இல்லாமல் கடைக்காரரிடம் விலை கேட்காதே. திருந்தியவனிடம் அவன் பழைய கதையைக் கிளறாதே. மதம் மாறி வந்தவர்களின் பிள்ளையிடம் உன் முன்னோர் செய்ததை நினைத்துப் பார் என்று சொல்லாதே. ஆக, கதையை அங்கே வைத்தவர்களுக்கு யார் ஜெயித்தார் என்பதைவிட, ஜெயித்தவர்கள் தோற்றவரை எப்படி நடத்தினார்கள் என்பதுதான் விஷயம். மேற்கோளாகக் கிடைத்த கதையை அதன் வீட்டிலேயே போய்ப் பார்க்க வைப்பதுதான் இந்தத் தளத்தின் உண்மையான பலம் என்று நினைக்கிறேன். ஏன் தோற்ற கருத்தையும் எழுதி வைக்கிறீர்கள் என்ற கேள்விக்கே மிஷ்னாவில் பதில் இருக்கிறது, எதுயோத் 1:5. பின்னால் வரும் ஒரு நீதிமன்றம் அந்த ஒற்றை ஆளின் கருத்தைச் சார்ந்து நிற்க நேரலாம், அதற்காக.

பாராட்டு போதும், இனி கவனமாக இருக்க வேண்டியவை.

தல்மூதின் ஆங்கிலத்தில் சில சொற்கள் தடித்த எழுத்தில் இருக்கும், சில சாதாரண எழுத்தில். அலங்காரம் என்று தாண்டிப் போய்விடாதீர்கள். தடித்தது மட்டும்தான் மூலத்தில் உள்ளது. மெல்லிய எழுத்தில் இருப்பதெல்லாம் புரிவதற்காக ஸ்டைன்சால்ட்ஸ் வழியில் சேர்த்த விளக்கம். தடித்த சொற்களை மட்டும் தொடர்ந்து படித்துப் பார்த்தால் மூலம் எவ்வளவு இறுக்கமானது, தந்தி போல எழுதப்பட்டது என்று தெரியும். தல்மூத் தெளிவாகச் சொல்கிறது என்று யாராவது எடுத்துக்காட்டும் வரி பாதிக்கு மேல் மெல்லிய எழுத்தாக இருப்பதுண்டு.

அடுத்தது, பக்கம். அச்சிட்ட தல்மூதின் பக்கத்தைப் பார்த்திருக்கிறீர்களா? நடுவில் மூலம், உள்பக்கம் ராஷியின் உரை, வெளிப்பக்கம் தோசஃபோத் என்ற உரைக்கூட்டம், ஓரங்களில் இன்னும் சில்லறைக் குறிப்புகள். ராஷி 1040 முதல் 1105 வரை வாழ்ந்த பிரெஞ்சு நாட்டு யூதர், தோசஃபோதில் அவருடைய பேரன்களும் உண்டு, பல இடங்களில் தாத்தாவை மறுத்தே எழுதுகிறார்கள். 1520களில் வெனிஸில் போம்பெர்க் அச்சகம் வகுத்த அமைப்பு அது, 1880களில் வில்னாவில் ரோம் (Romm) என்ற அச்சகக் குடும்பத்தார் அடித்த பதிப்பில் இன்றைய வடிவத்துக்கு வந்தது. பல நூற்றாண்டுக்காரர்கள் ஒரே பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொள்வது ஒரே பார்வையில் தெரியும். செஃபாரியாவில் அது மேலிருந்து கீழே ஓடும் ஒரு நாடா. உரைகள் பட்டிக்குள் போய் ஒளிந்துகொள்கின்றன, தட்டினால்தான் வரும். போதாததற்கு தல்மூதுக்கான ராஷியும் தோசஃபோதும் பல இடங்களில் எபிரேயத்தில் மட்டுமே. எபிரேயச் சொல்லைத் தட்டினால் அகராதி வரும், ஆனால் அதை வைத்துத் தோசஃபோத் படிக்கலாம் என்று கனவு காணாதீர்கள்.

பயனர்கள் தாங்களே தொகுத்துப் போடும் பாடத்தாள்கள் இன்னொரு பகுதி. தரம் சமமாக இருக்காது, எதிர்பார்க்கவும் கூடாது. ஆனால் முத்துகள் கிடைக்கும். மதம் மாறி வந்த ஒபதியா என்பவர், 'எங்கள் பிதாக்களின் தேவனே' என்று பிரார்த்தனையில் நான் சொல்லலாமா, என் பிதாக்கள் யூதர் இல்லையே என்று மைமோனிடிஸைக் கேட்டார். சொல், ஒரு வார்த்தையையும் மாற்றாதே, ஆபிரகாம் உனக்கும் தகப்பன் என்று 12ஆம் நூற்றாண்டில் அவர் எழுதிய பதில் கடிதம் இப்படிப்பட்ட தாள்களில்தான் அதிகம் சுற்றுகிறது. அதோடு யெபாமோத் 47ஏயையும் சேர்த்துப் படியுங்கள். மதம் மாற வருகிறவனிடம் முதலில் கேட்கச் சொல்லும் கேள்வி: இந்தக் காலத்தில் இஸ்ரவேலர் நசுக்கப்பட்டு, விரட்டப்பட்டுக் கிடக்கிறார்களே, தெரியாதா உனக்கு? தெரியும், அதில் சேர எனக்குத் தகுதி இல்லை என்று சொன்னால் உடனே ஏற்றுக்கொள்ள வேண்டுமாம். அடையாளம் பற்றி இவ்வளவு சுருக்கமாக வேறெங்கும் நான் படித்ததில்லை.

எல்லாமே இப்படி மனதைத் தொடும் என்று நினைத்துக்கொண்டு போக வேண்டாம். பெண்களைப் பற்றியும் வேற்று மதத்தவர் பற்றியும் எரிச்சல் மூட்டும் வரிகள் இருக்கின்றன, தளம் எதையும் மறைக்கவில்லை. 1240இல் பாரிஸில் தல்மூத் மேல் விசாரணை நடத்தி 1242இல் வண்டி வண்டியாகக் கையெழுத்துப் பிரதிகளை எரித்தார்கள், அன்றும் சூழலிலிருந்து பிய்த்தெடுத்த வரிகள்தான் சாட்சி. இன்றைக்கு வாட்ஸாப்பில் 'தல்மூத் சொல்கிறது' என்று வரும் பயங்கர மேற்கோள்களை இங்கே ஒரு நிமிடத்தில் சரிபார்க்கலாம். சிலவற்றில் அப்படி ஒரு நூலே இருக்காது. சிலவற்றில் வரி இருக்கும், அடுத்த வரியில் அதை மறுத்தவரும் இருப்பார். சிலவற்றில் அப்படியேதான் இருக்கும், அதையும் தெரிந்துகொள்வது நல்லது.

தேடல் வசதி பற்றி ஒரு சின்ன விளையாட்டு: இந்தியாவைத் தேடிப் பாருங்கள். எஸ்தர் புத்தகம் அகாஸ்வேரு 'இந்து தேசம் முதல் எத்தியோப்பியா வரை' ஆண்டான் என்று தொடங்கும். அதற்கு மெகில்லா 11ஏவில் ராவ், ஷமுவேல் என்ற இரண்டு ரபிகள் மோதுகிறார்கள். ஒருவர் அவை உலகத்தின் இரண்டு முனைகள் என்கிறார், மற்றவர் இல்லை, பக்கத்துப் பக்கத்து நாடுகள் என்கிறார்! மிஷ்னாவின் யோமா 3:7இல், பாவ நிவாரண நாளின் மாலையில் பிரதான ஆசாரியர் இந்தியத் துணி உடுத்தினார், விலை எண்ணூறு வெள்ளிக்காசு என்று வருகிறது, ரபி மேயீர் சொன்ன விலை. மற்றவர்கள் வேறு விலை சொல்கிறார்கள், சொல்லத் தேவையில்லை.

தினமும் படிக்க ஆசை என்றால் முகப்பிலேயே நாட்காட்டி இருக்கும், அன்றைய ஏடு எது என்று காட்டும். நாளுக்கு ஓர் ஏடு, மொத்தம் 2,711, முடிக்க ஏழரை வருடம். 1923இல் வியன்னா மாநாட்டில் ரபி மேயீர் ஷபீரோ முன்வைத்த திட்டம். இப்போது ஓடுவது 14ஆவது சுற்று, 2020 ஜனவரி 5இல் தொடங்கியது, 2027 ஜூனில் முடியும். வேடிக்கை என்னவென்றால், இதை உயிராக நினைத்துப் படிக்கும் ஆசாரமான யூதர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் இந்தச் செயலி உதவாது. வார ஓய்வு நாளான சப்பாத்தில் கைப்பேசியைத் தொட மாட்டார்கள், அன்றைக்கு அச்சுப் புத்தகம்தான். அலமாரிக்கு இன்னும் வேலை இருக்கிறது.

புதிதாக வருபவர்கள் முதல் பகுதியான பெராகோத்தின் முதல் ஏட்டில் தொடங்காதீர்கள். ஷெமா என்ற பிரார்த்தனையை இரவில் எப்போது ஓதுவது என்ற கேள்வியில் நேராக இறங்கிவிடும், முன்னுரை கிடையாது. (அங்கேயும் முதலில் பேசுவது எலியேசர்தான், அங்கேயும் சட்டம் அவர் பக்கம் போகவில்லை.) பாவா மெட்சியா 58பியில் தொடங்குங்கள். அடுப்புக் கதையோடு நிறுத்தாமல் இம்மா ஷாலோம் வரை போய், இன்னும் சில வரி தாண்டுங்கள். மதம் மாறி வந்த அந்நியனைப் புண்படுத்தாதே என்று தோரா 36 இடங்களில் எச்சரிக்கிறது, 46 என்பாரும் உண்டு என்று ஒருவர் போதிப்பது வரும். பெரிய ரபி எலியேசர் என்று பட்டத்தோடு போட்டிருப்பார்கள். அப்புறம் நேரம் இருந்தால் சன்ஹெத்ரின் 68ஏ. அவர் சாகக் கிடக்கும்போது தள்ளி வைத்தவர்கள் வருகிறார்கள், நான்கு முழம் தள்ளி உட்கார்ந்து, எது தீட்டு எது தீட்டில்லை என்று அவரிடமே சந்தேகம் கேட்கிறார்கள்.